தேவம்மாவின் கதவும் மூன்று சுவிட்சுகளும்

ஹோமிங் சுவிட்ச் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை, இப்போதும் சொல்வேன். முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் வீட்டுக்காரர் இந்தக் கதையை ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் பல் டாக்டர், பெயர் மஹதி. மைசூரு குவெம்புநகரில் வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் கார் ஷெட். ஷெட்டில் கார் கிடையாது. அங்கே என் சி.என்.சி. ரவுட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்துகொடுத்த படத்தை மரப்பலகையில் தானே செதுக்கும் மெஷின். ஒரு மேஜை, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பாலம், பாலத்தில் இடம் வலமாக நகரும் ஒரு மோட்டார், மோட்டாரின் வாயில் வெட்டுமுனை. நாற்பது வயதில் சிலர் வீணை கற்றுக்கொள்ளப் போகிறார்கள், சிலர் யோகா பாயைச் சுருட்டிக்கொண்டு பார்க்குக்குப் போகிறார்கள். நான் இதை வாங்கினேன்.

வாங்கியபோது பொம்மை மாதிரிதான் இருந்தது. நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாக மாற்றினேன். ரப்பர் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் திருகுத் தண்டு போட்டேன். ஆடிக்கொண்டிருந்த பாலத்துக்குப் பதில் கனமான அலுமினியப் பாலம். காது கிழியக் கத்திய மோட்டாரை எடுத்துவிட்டு, தண்ணீரில் குளிரும் மோட்டார். கரண்ட் போனால் தாங்கிக்கொள்ள கிளினிக் யு.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர். பாக்கி இருந்தது ஹோமிங் சுவிட்ச் மட்டும்தான்.

கட்டைவிரல் நகம் அளவில் மூன்று சுவிட்சுகள், அவ்வளவுதான் விஷயம். மெஷினை ஆன் செய்ததும் அது தன் மூலைக்குப் போய் மூன்றையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கும். தொட்டதும் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடும். சுவிட்ச் இல்லாவிட்டால், ஆன் செய்யும்போது எங்கே நிற்கிறதோ அதுதான் அதற்குப் பூஜ்யம், அங்கிருந்துதான் அளக்கத் தொடங்கும். அதற்குக் கண்ணா இருக்கிறது?

கண் எனக்கு இருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

என் வீட்டுக்காரர் ஸ்ரீகுமார் காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்தச் சுவிட்சுகளை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"இதப் போட்டுடு மஹதி. என்னிக்காவது பொசிஷன் போயிடறதுக்கு சான்ஸ் இருக்கு இல்லியா?"

"எத்தனை சான்ஸ்? நீங்கதானே புள்ளியியல் வாத்தியார். நம்பர் சொல்லுங்கோ."

"நம்பர் சொல்றதுக்கு டேட்டா வேணும். நீ இன்னும் ஒரு தப்பும் பண்ணலையே."

"ஆங், அதைத்தான் நானும் சொல்றேன். இந்தாங்கோ, புடிங்கோ."

என் காரணங்கள் இவை: பலகைக்குப் பலகை பூஜ்யம் மாறும், அதை எப்படியும் நான்தான் கையால் வைக்க வேண்டும். மரத்தூள் போய்ச் சுவிட்சை அடைத்துக்கொள்ளும். மோட்டார் ஓடும்போது ஒயரில் பொய் சிக்னல் வந்து, நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை நடுவில் நின்றுவிடும். என் வழக்கமோ சுலபமானது. பலகையின் மூலையில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி. நாள் முடிந்ததும் முனையை அந்தக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி அணைத்துவிடுவேன். மறுநாள் ஆன் செய்தால் அங்கேயே நிற்கும். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை.

"யாராவது நகத்திட்டா?" என்றார்.

"என் ஷெட்டுக்குள்ள யாரு வரா?"

சுவிட்சுகள் பழைய பல் அச்சுகள் கிடக்கும் டிராயருக்குள் போயின.

தேவம்மாவை இங்கே சொல்லியாக வேண்டும். பதினாலு வருஷமாக என் கிளினிக்கில் எனக்கு வலது கை. ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பேஷண்ட் வாயைத் திறப்பதற்குள் எந்தக் கருவி வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ரிங் ரோட்டுக்கு அப்பால் ஒரு சின்ன மனையில் இரண்டு அறை வீடு கட்டினாள். அவள் பேரில், அவள் சம்பாத்தியத்தில் முதல் வீடு. வாசல் கதவின் மேல் பாதிக்கு நான் செதுக்கித் தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன்.

பலகையை அவளே வாங்கி வந்தாள். கொள்ளேகாலில் ஒரு மரக்கடையில் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து எடுத்த வேங்கை. அந்த அகலத்தில் கடையில் அது ஒன்றுதான் இருந்ததாம். கண்டக்டரோடு சண்டை போட்டு பஸ்ஸில் ஏற்றி, மைசூரு வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே நின்று வந்தாள்.

"என்ன படம் போடட்டும்? லட்சுமி போடவா?" என்று கேட்டேன்.

"சாமியெல்லாம் வேண்டாமுங்க டாக்டரம்மா. வேலை செஞ்ச கையோட வந்து கதவைத் தள்ளுவோம், சாமி மேல அந்தக் கை படக்கூடாது. மாதுளம்பழம் போடுங்க. வெடிச்ச மாதுளை, முத்தெல்லாம் வெளிய தெரியற மாதிரி."

"பதினாலு வருஷம் பல்லையே பாத்தா இப்படித்தான் கேக்கத் தோணும்," என்றார் ஸ்ரீகுமார்.

இரண்டு மாதுளை, நடுவில் ஒரு கிளை, இலைகள், சுற்றிலும் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகச் சின்னக் குழிகள். மூன்று வாரம் வரைந்தேன். விஜயதசமி கழிந்து வியாழக்கிழமை கிருகப்பிரவேசம். கதவு செய்யும் ஆசாரி நஞ்சுண்டசாமி செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் பலகை கைக்கு வர வேண்டும் என்றும், அதற்கப்புறம் வந்தால் தன்னைக் கேட்கக்கூடாது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குக் கவலை இல்லை. நவராத்திரியில் கிளினிக்குக்கு லீவு விட்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் பெரிய முனையால் மேலோட்டமாகக் குடைந்தேன். பிறகு மூன்று மில்லிமீட்டர் உருண்டை முனையால் ஓரத்துப் புள்ளிகளை எல்லாம் குத்தினேன். அதே முனையால் மெருகு வேலை. ஒன்பது மணி நேர ஓட்டம் அது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் இடது பாதி முடிந்தது. மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பென்சில் குறிக்கு நேராக நிறுத்தி, அணைத்தேன். பூஜை அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு. அதில் என் வீட்டில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது.

மறுநாள் காலை நானும் ஸ்ரீகுமாரும் பூ வாங்க தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனோம். சாவி தேவம்மாவிடம். கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வருவதற்குள் வீட்டையே மாற்றிவிட்டிருந்தாள். பல் நாற்காலிக்குச் சந்தனம் குங்குமம், எக்ஸ்ரே மெஷினுக்கு மாலை. ஷெட்டுக்குள் என் ரவுட்டர் கல்யாணப் பெண்ணாக நின்றது. பாலத்தின் மேல் சாமந்திச் சரம், மோட்டார் நெற்றியில் பெரிய பொட்டு, கால்களில் வாழைக் கன்று. கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன், சத்தியமாக.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து மெஷினை ஆன் செய்தேன். ஊர் முழுக்க ஜம்பூ சவாரிக்கு, அதாவது தசரா யானை ஊர்வலத்துக்கு, இடம் பிடிக்கப் போயிருந்தது, தெருவில் ஈ காக்கை இல்லை. எனக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் முதலில் முனையை ஒரு விரல்கடை மேலே தூக்கி, காற்றில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மரத்தில் இறக்குவேன். மூலையில் இருக்கும் முதல் புள்ளிக்குப் போ என்றேன். மெஷின் போய் நின்றது. புள்ளி மேல் நிற்கவில்லை. அரை விரல் தள்ளி, செதுக்கி முடித்த ஒரு இலையின் மேல் நின்றது.

பென்சில் குறியைத் தேடினேன். குறி இல்லை. பலகை கண்ணாடியாக மின்னியது.

அப்படியே மரத்தில் இறக்கியிருந்தால் மாதுளைக்குக் குறுக்கே கோடு விழுந்திருக்கும். இறக்காமல் விட்டால் பாதி செதுக்கிய பலகை. இடம் தெரியாமல் மீதியை ஓட்டினால் இரண்டு பாதியும் ஒட்டாது. வேறு பலகை கிடையாது. அவள் வியாழக்கிழமை வாசலில் எதைத் திறந்துகொண்டு உள்ளே போவாள்? எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது, வந்ததும் நேரே ஹாலுக்குப் போனேன்.

ஸ்ரீகுமார் டி.வி.யில் யானை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே பாலத்த நகத்தினீங்க?"

"எந்தப் பாலம்?"

"நடிக்காதீங்கோ. சுவிட்ச் போட வைக்கணும், அதுக்கு ஒரு டெமான்ஸ்ட்ரேஷன். ஹௌதா? ஆமாவா இல்லியா? பென்சில் குறியைக்கூட விடலை. வேற யாருக்கு அது குறின்னு தெரியும்?"

"மஹதி, நான் ஷெட் பக்கமே போகலை."

"ப்ரூவ் பண்ணுங்கோ."

"போகாததை எப்படிம்மா ப்ரூவ் பண்றது?"

அதற்கப்புறம் நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். மாமியார் வீட்டு வழி மூன்று தலைமுறையை இழுத்தேன் என்பது வரைக்கும் போதும். 'அப்பவே சொன்னேனே' என்றாவது அவர் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் கத்த வசதியாக இருந்திருக்கும். அதையும் சொல்லாமல் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தரை மணிக்கு தேவம்மா போன் செய்தாள்.

"டாக்டரம்மா, மெஷினு ஆரம்பிச்சாச்சுங்களா? ஆசாரி கேட்டாருங்க."

"ஆரம்பிக்கப் போறேன்."

"நேத்து நல்லாத் தொடச்சுட்டனுங்க. அடியில எல்லாம் தூளு. அந்தப் பாலத்தை அந்தாண்ட தள்ளிப்போட்டு, ஈரத்துணியில மூலை முடுக்கெல்லாம் தொடச்சு, மறுக்கா இருந்த எடத்துலயே கொண்டாந்து நிறுத்திட்டனுங்க. பலகை மேல ஏதோ பென்சில் கிறுக்கல் கெடந்துது, அதையும் எடுத்துட்டனுங்க. என்ற கதவாச்சே."

நாக்கு நுனியில் சுடச்சுட நாலு வாக்கியம் தயாராக நின்றது. நாலையும் விழுங்கினேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, தேவம்மா," என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்ரீகுமார் ஷெட் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? உங்க கதவை நீங்களே தொடச்சுக் கெடுத்துட்டீங்கன்னா?"

"பலகை போயிடுத்துன்னா தெரியத்தானே போறது."

"பலகை போகாது."

"எப்படி சொல்ற?"

"டார்ச் புடிங்கோ," என்றேன்.

அது மன்னிப்பு. பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவருக்கு அது புரியும். டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார்.

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் ஏற்கெனவே குத்தியாகிவிட்டன, அதுவும் இதே முனையால். ஒவ்வொரு புள்ளியும் இந்த முனையின் அச்சு. முனையை அந்தக் குழிக்குள் சரியாக உட்கார வைத்துவிட்டால், மெஷின் எங்கே நிற்கிறது என்று அதற்குச் சொல்லிவிடலாம். ஆனால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். முடி அளவு பிசகினாலும் மாதுளை முத்துகள் நடுவில் படி விழும்.

முடி அளவு பிசகைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பல்லை அடைத்த பிறகு ஒரு நீலத் தாளை நடுவில் வைத்து, 'கடிங்க, நறநறன்னு அரைங்க' என்று டாக்டர் சொல்வாரே, அந்தத் தாள். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். கிளினிக்கிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தேன்.

மூலைப் புள்ளிக்குள் நீலத் தாளை வைத்து, முனையை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டராக இறக்கினேன். மோட்டாரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். தூக்கிப் பார்த்தால் குழியின் இடது பக்கம் மட்டும் நீலம். இடது பக்கம் இடிக்கிறது. வலப் பக்கம் ஒரு துளி நகர்த்தி, குழியைத் துடைத்து, மறுபடி இறக்கினேன். இப்போது மேல் பக்கம் நீலம்.

"பேஷண்ட் என்ன சொல்றார்?" என்றார் டார்ச்சோடு நின்றவர்.

"பேசாம நேரா புடிங்கோ."

பதினோராவது தடவையில் குழிக்குள் முழு வட்டமாக நீலம் விழுந்தது. அந்த இடத்தை மெஷினுக்குச் சொல்லிவிட்டு, எதிர் மூலையில் இருக்கும் புள்ளிக்கு நீயே போ என்றேன். போயிற்று. இறக்கினேன், சுற்றினேன், தூக்கினேன். வட்டம் விழுந்திருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்தமாக. திரும்ப முதல் மூலை. இப்படி நாலு மூலைக்கும் மாறி மாறி ஓடினோம். ஆழம் பார்க்க, பலகையில் செதுக்கி முடித்த அடித்தளத்தில் தாளை வைத்து இறக்கி இழுத்துப் பார்த்தேன். தாள் வர வேண்டும், ஆனால் சிணுங்கிக்கொண்டு வர வேண்டும். மதியம் ஒரு மணி ஆனபோது நாலு மூலையும் நீல வட்டம் காட்டின. எனக்கு இடுப்பு போய்விட்டது, அவருக்குக் கை போய்விட்டது.

காற்றில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு மரத்தில் இறக்கினேன். நாலரை மணி நேரம் நகராமல் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டை அவர் தட்டோடு கொண்டுவந்து கொடுத்தார். அந்திக்கு முன்னால் மெஷின் நின்றது.

தூளைத் தட்டிவிட்டு விரலால் தடவினேன். இலைகள் சரி, கிளை சரி, இடது மாதுளை சரி. இரண்டு பாதியும் சேரும் இடத்தில், வலது மாதுளையின் விளிம்பில் விரல்நீளத்துக்கு ஒரு மேடு. கண்ணுக்குத் தெரியாது. நகம் பட்டால் தெரியும். ஈரத்துணியில் மரம் ஊதியதோ, என் பதினோராவது வட்டம் முழு வட்டம் இல்லையோ, தெரியாது. தேய்க்க முடிந்த வரைக்கும் உப்புத்தாளால் தேய்த்தேன். அதற்கு மேல் தேய்த்தால் முத்து போய்விடும். விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே பலகை நஞ்சுண்டசாமி கைக்குப் போயிற்று. அவர் அதை வெயிலில் சாய்த்துப் பார்த்து, "சென்னாகிதே" என்றார். நன்றாக இருக்கிறது என்று அந்த மனுஷன் வாயால் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை.

வியாழக்கிழமை காலை தேவம்மா வீட்டு வாசலில் மாட்டை உள்ளே அனுப்பி, பால் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்தார்கள். தேவம்மா அரக்குப் பட்டில் இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் என்னை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"இன்னும் சாவகாசமாக் கதவைத் தொட்டுக்கூடப் பாக்கலைங்க," என்று சொல்லி உள்ளங்கையைப் பலகை மேல் வைத்தாள்.

இடது மாதுளையில் ஆரம்பித்து, முத்து முத்தாகத் தடவிக்கொண்டே வந்தாள். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாலு வருஷமாக என் கிளினிக்கில் பல் அச்சுகளில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்ப்பது யார்? இவள்தான். அது எப்படி எனக்கு மறந்து போயிற்று என்று தெரியவில்லை.

விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.

"இங்க ஒரு மேடு இருக்குதுங்க."

மரத்தின் ரேகை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தலையாட்டியிருப்பாள், நம்பியிருக்க மாட்டாள்.

"இருக்கு," என்றேன்.

அவள் பலகையின் நடுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எத்தனையோ கஷ்டமான பேஷண்டை முகம் மாறாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் முகம் அப்போது மாறிப் போயிற்று.

"நான் பாலத்தைத் தள்ளுனதுங்களா?"

தப்பு என் பேரில் இருந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அது ஒரு வியாதி.

"ஆயுத பூஜைக்கு மெஷினைத் தொடைக்காம பின்ன என்ன பண்ணுவாங்க? தொடைக்கணும்னா தள்ளத்தான் செய்வாங்க. யாரு தள்ளினாலும் தன் எடம் தெரியற மாதிரி மெஷினை வெச்சுக்கணும். அதுக்கு இத்தனூண்டு சுவிட்ச் மூணு போதும். வாங்கி ஏழு மாசமா டிராயர்ல போட்டு வெச்சிருந்தது நான். என் ஷெட்டுக்குள்ள யாரு வரப்போறான்னு கேட்டவ நான். உங்களை ஆளாவே நெனைக்கலை பாருங்க அப்போ. அந்த மேடு என்னோடது, தேவம்மா. உங்களோடது இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அந்த இடத்தையே கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, ஸ்டெரிலைஸ் செய்யாத கருவியை நான் தெரியாமல் எடுத்துவிட்டால் எந்தக் குரலில் அதட்டுவாளோ அதே குரலில் சொன்னாள்.

"மொதல்ல போயி அந்தச் சுவிட்சைப் போடுங்க."

பின்னால் ஸ்ரீகுமாருக்குப் பாயசம் புரையேறியது. ஏழு மாதம் காத்திருந்த மனுஷன், இருமிவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சுவிட்சுகளையும் போட்டேன். என் காரணங்கள் எல்லாம் சரி என்பதால் எல்லாவற்றுக்கும் வழி செய்தேன். தூள் போகாமல் மூடி, பொய் சிக்னல் வராத மாதிரி உறை போட்ட ஒயர். திங்கட்கிழமை கிளினிக் திறப்பதற்கு முன் தேவம்மாவை ஷெட்டுக்குக் கூப்பிட்டேன்.

"பாலத்தைத் தள்ளுங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாமுங்க."

"தள்ளுங்கன்னா தள்ளுங்க."

இரண்டு கையையும் பிடித்துப் பாலத்தின் மேல் வைத்தேன். சூட்டுப் பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டு, ஒரு சாண் தள்ளினாள். மெஷினை ஆன் செய்து பொத்தானை அழுத்தினேன். பாலம் தானே பின்னால் போயிற்று, டிக், டிக், டிக் என்று மூன்றையும் தொட்டது. பிறகு, சோதனைக்காக மாட்டிய ஒரு துண்டுப் பலகையில் நான் குத்தி வைத்திருந்த ஒரே ஒரு புள்ளிக்கு மேல் வந்து நின்றது. நீலத் தாள் வைத்துக் காட்டினேன். முழு வட்டம்.

அணைத்தேன். இந்தத் தடவை அவளாகவே தள்ளினாள், நன்றாக, கோணலாக. மறுபடி டிக், டிக், டிக். மறுபடி அதே புள்ளி. அப்புறம் நிறுத்தவே இல்லை. முன்னால் ஒரு பேஷண்ட் வந்து பெல் அடித்தார். இருங்க என்று ஷெட்டிலிருந்தே கத்தினேன்.

ஆறாவது தடவை தள்ளுவதற்கு முன், தேவம்மா முந்தானையால் பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தித் துடைத்தாள். பலகையில் பழக்கதோஷத்தில் நான் போட்டிருந்த பென்சில் குறி கண்ணில் பட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையும் துடைத்தாள்.